ஜப்பான் டைரக்டரும் நெத்திலி மீனும்

பிள்ளைகளா, நீங்கள் 'நெத்திலித் தாத்தா' என்று கூப்பிடுகிறவர் எனக்கு மாமா. உங்கள் ஆயாவின் உடன்பிறந்த தம்பி. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கடலூர் ஓ.டி. (ஓல்டு டவுன்) துறைமுகத்தில் மீன் வாங்கி, ஐஸ் போட்டுப் பையைக் கட்டி, பஸ் பிடித்து சிதம்பரம் வந்து நம் வீட்டு வாசலில் நிற்பார். பையில் நெத்திலியைத் தவிர வேறு மீன் இருந்து நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். "நெத்திலிதான் எலும்புக்கு நல்லது" என்பார். யாருடைய எலும்புக்கு என்று நீங்கள் கேட்டதில்லை. இலையில் உட்கார்ந்ததும் அவர் கண் என் இடது மணிக்கட்டுக்கு வரும். வந்த வேகத்தில் திரும்பிவிடும்.

அந்தத் தாத்தா போன மாதம் சாப்பிடாமல் எழுந்து போனார். அன்றிலிருந்து பாப்பா முகம் வாடிக் கிடக்கிறாள். தான் போனில் பார்த்துச் சொன்னதால்தான் தாத்தா கோபித்துக்கொண்டார் என்று நினைக்கிறாள். இல்லை கண்ணு, உன்மேல் தப்பில்லை. இதை வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது. நான் பத்தாவதோடு நின்றவன். துணி வெட்டத் தெரியும், வாக்கியம் வெட்டத் தெரியாது. இருந்தாலும் எழுதுகிறேன், நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள்.

நாங்கள் அப்போது ஓ.டி.யில் இருந்தோம். என் அப்பாவுக்கு மளிகைக்கடை. வீட்டின் முன்பக்கம் கடை, பின்பக்கம் நாங்கள். வீட்டில் எப்போதும் மிளகாய் வாடையும், காற்று திரும்பினால் கருவாட்டு வாடையும் அடிக்கும். மாமா எங்களோடுதான் இருந்தார். திருப்பாப்புலியூரில் ஒரு ஸ்டுடியோவில் கல்யாண வீடியோ எடுக்கிற வேலை. அதற்கு முன்னால் கொஞ்ச காலம் சிதம்பரத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். அங்கே காலேஜ் பையன்கள் சிலர் சேர்ந்து வெளிநாட்டுப் படம் போடுவார்கள். பெட்டி தூக்க, திரை கட்ட என்று போனவர், படம் பார்த்துப் பார்த்து ஒரு ஜப்பான் டைரக்டரிடம் மாட்டிக்கொண்டார். வாள் சண்டைப் படம் எடுக்கிற டைரக்டர். அவர் பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. மாமா 'நம்ம ஆளு' என்பார். நாங்களும் அப்படியே சொன்னோம்.

ஞாயிறு மதியம் ஸ்டுடியோவின் வீடியோ டெக்கை சைக்கிள் கேரியரில் போர்வை சுற்றி எடுத்து வருவார். நம்ம ஆளு எடுத்த படங்களில் நாலைந்து கேசட் வைத்திருந்தார். காப்பிக்குக் காப்பி எடுத்த கேசட். திரையில் பாதி நேரம் மழை பெய்கிறதா, டேப் தேய்ந்திருக்கிறதா என்றே தெரியாது. பக்கத்து வீட்டு மீன்காரப் பெண்கள் கூடையைக் கவிழ்த்து வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வார்கள். கீழே ஓடுகிற இங்கிலீஷ் எழுத்து மாமாவுக்குப் பாதிதான் புரியும். மீதியை அவரே போட்டு நிரப்பி, டிவிக்குப் பக்கத்தில் நின்று கதை சொல்வார்.

"யார்ரா இவன், குடுமி வச்சிக்கிட்டு, பாவாட கட்டிக்கிட்டு?" என்று என் அம்மா கேட்டாள்.

"அக்கா, அது பாவாட இல்ல. அவுங்க ஊரு வேட்டி."

"வேட்டியில இத்தன மடிப்பா? தொவைக்கிறவ செத்தா."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை. "பாருங்க, இப்ப கால காட்டுவாரு" என்றார். சொன்னபடியே திரையில் இரண்டு கால்கள் வந்தன. வைக்கோல் செருப்பு போட்ட கால், மண்ணை மெதுவாகத் தேய்த்துக்கொண்டு நகர்ந்தது. "கத்திய எவன் வேணா காட்டுவான். கத்திக்கு முன்னாடி கால காட்டுறான் பாரு, அவன்தான் டைரக்டர்."

நம்ம ஆளின் கதையையும் ஒரு படம் மாதிரியே சொல்வார். சினிமா கம்பெனியில் சீனரிக்கு வர்ணம் பூசுகிற வேலையில் சேர்ந்தாராம். அப்புறம் யாரோ ஒரு டைரக்டருக்குக் குடை பிடித்தாராம். முதல் படத்தில் அவருடைய சாமுராய் எல்லாரையும் வெட்டித் தள்ளினான், கொட்டகையில் விசில் பறந்தது. அடுத்தடுத்த படத்தில் அதே மாதிரி ஆள் வெட்டிவிட்டு, ஆற்றங்கரையில் உட்கார்ந்து கை கழுவிக்கொண்டே இருந்தான். கம்பெனிக்காரர்கள் முகம் சுருங்கியது. அப்புறம் ஒரு படத்தில் சாமுராய் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிடுகிறது. சண்டையே இல்லை. ஒவ்வொரு படத்துக்கும் காற்றுக்காகக் காத்திருப்பாராம். மரம் ஆடவில்லை என்றால் எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவாராம்.

"இப்ப என்னா படம் எடுக்குறாரு மாமா?" என்று கேட்டேன்.

"இப்ப சும்மாதான் இருக்காராம். நம்ம ஆளு சும்மா இருந்தா யோசிக்கிறாருன்னு அர்த்தம்."

இந்தப் பதிலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடி மாதம் வந்தது. கல்யாணம் கிடையாது, அதனால் ஸ்டுடியோவில் வேலையும் கிடையாது. காற்று மட்டும் ஜாஸ்தி. கேமராவைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, மாமா தன் படத்தை ஆரம்பித்தார். ஊரை விட்டு ஓடிப்போன ஒரு சாமுராய் பையன் திரும்பி வருகிற கதை. சாமுராய் நான்தான். படகு கட்டுகிற ஆசாரியிடம் சொல்லி, சவுக்குக் கட்டையில் வாள் இழைத்து வாங்கினார். அந்த வாளின் வழவழப்பு இன்னும் என் உள்ளங்கையில் இருக்கிறது. அம்மாவின் பழைய கறுப்புப் புடவையை மடித்து மடித்து என் இடுப்பில் கட்டி ஊக்கு குத்தினார். கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த அப்பா எட்டிப் பார்த்தார்.

"என்னா மச்சான், ஜப்பானுக்கு எப்ப கெளம்புற?"

"படம் முடியட்டும் மாமா. நீங்கதான் வழியனுப்ப வரணும்."

"போறப்ப இவனையும் கூட்டிக்கிட்டுப் போயிடு. கணக்குல பூஜ்யம் வாங்குறான்."

அப்பா அப்படித்தான் பேசுவார். ஆனால் கடைக்கு வருகிறவர்களிடம், "எம் மச்சான் சினிமா எடுக்குறான், எம் பையன்தான் ஈரோ" என்று சொல்லாமல் பொட்டலம் கட்ட மாட்டார்.

கெடிலம் ஆற்றங்கரையில் எடுத்தோம். மாமா கேமராவைத் தோளில் வைத்துக்கொண்டு பனைமரங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். காற்று வராது. நாங்கள் வேர்க்கடலை தின்றுகொண்டு உட்கார்ந்திருப்போம். திடீரென்று ஓலை சலசலக்கும். "ஓடுடா!" என்பார். கரைமேல் ஓடுவேன். ஒரு நாள் மண்ணை வாரி அடிக்கிற மாதிரி காற்று வந்தது. புடவை மடிப்பு பிரிந்து காலில் சுற்றிக்கொண்டது. கரையிலிருந்து கீழே விழுந்தேன், இடது கையை ஊன்றிக்கொண்டு. ஸ்டுடியோ கேமராவை மணலில் அப்படியே போட்டுவிட்டு மாமா ஓடி வந்தது எனக்குத் தெரியும். அதற்கப்புறம் வலிதான் தெரிந்தது.

இன்றைக்கு நான் தையல்காரன். அந்த உடையை எப்படித் தைத்திருக்க வேண்டும் என்று தெரியும். மடிப்பை மேலே தைத்துவிட்டு, விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே நிறுத்தியிருந்தால் தடுக்கியிருக்காது. ஆனால் புடவையைச் சுற்றி ஊக்கு குத்தியவரை அதற்காகக் குற்றம் சொல்வதா?

குறிஞ்சிப்பாடிப் பக்கத்தில் ஒரு கட்டு வைத்தியர் இருந்தார். முட்டை வெள்ளைக்கருவையும் உளுந்து மாவையும் குழைத்துத் தடவி, மூங்கில் பட்டை வைத்து இறுக்கிக் கட்டினார். "எலும்பு நேராத்தான் இருக்கு. ஆவணி முடியட்டும். நான் பிரிக்கறேன், வேற யாரும் கை வைக்கக் கூடாது" என்றார். அம்மா மாமாவிடம் பேச்சை நிறுத்தினாள். அப்பா மட்டும், "வுடு, ஆம்பளப் புள்ளன்னா விழுந்துதான் எழுந்திருக்கும்" என்றார்.

ஆவணி வளர்பிறையில் என் அக்காவுக்குக் கல்யாணம், சிதம்பரத்தில். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் பத்திரிகை விஷயமாக வந்தவர் என் கட்டைப் பார்த்தார். நம் பக்கத்துச் சடங்கு உங்களுக்குத் தெரியும். பெண்ணின் தம்பி மணவறையில் நின்று இரண்டு கையாலும் பொரி அள்ளிப் போட வேண்டும். "பொண்ணோட தம்பி கட்டுப் போட்ட கையோட பொரி போட்டா நல்லாவா இருக்கும்? பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லிவிட்டு மோர் குடித்துவிட்டுப் போனார். அவ்வளவுதான் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள் அப்பா என்னைக் கொல்லைப்பக்கம் உட்கார வைத்தார். வெந்நீரை ஊற்றி ஊற்றி, இறுகிப்போன துணியைப் பிரித்தார். அழுகின முட்டை வாடை. மூங்கில் பட்டை ஒவ்வொன்றாகக் கீழே விழுந்தது. உள்ளே என் கை வெளுத்துச் சுருங்கி, வேறு யாருடைய கையோ மாதிரி இருந்தது.

"வைத்தியர்தான பிரிக்கணும்னாருப்பா?"

"கேட்டுட்டுத்தான் வந்தேன். பிரிச்சிக்கலாம்னுட்டாரு. ஒண்ணும் ஆவாது."

அம்மாவிடமும் அதையே சொன்னார். நாங்கள் நம்பினோம். நம்பாமல் இருக்க என்ன இருக்கிறது?

மணவறையில் இரண்டு கையும் சேர்த்துப் பொரி அள்ளினேன். மணிக்கட்டுக்குள் ஏதோ நழுவியது. பல்லைக் கடித்துக்கொண்டு மாப்பிள்ளை கையில் போட்டேன், பாதி பாயில் சிந்தியது. வீடியோ எடுத்தது மாமாதான். கேமராவுக்குப் பின்னால் இருந்த கண்ணை மூடவும் முடியாமல், என் கையிலிருந்து பொரி சிந்துவதை அவர் முழுசாகப் பார்த்தார். நல்லது கெட்டது சொல்லக்கூடிய இடமா அது? நாதஸ்வரம் வாசித்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவர் கேமராவில் போட்டிருந்தது எங்கள் படம் இருந்த கேசட். நான் கெடிலம் கரையில் ஓடியதை எல்லாம் அழித்து, அதன்மேலேயே அக்கா கல்யாணத்தை எடுத்துவிட்டார். வேறு கேசட் கையில் இருந்தும் அதைத்தான் போட்டார்.

கை கோணிக்கொண்டுதான் கூடியது. "ஒன் சினிமாவுல எம் புள்ள கை போச்சுடா" என்று அம்மா சொன்னாள். கோபத்தில் ஒரு தடவை இல்லை, உறவுக்காரர்கள் வரும்போதெல்லாம் சொன்னாள். சவுக்கு வாளை வெந்நீர் அடுப்பில் வைத்தாள். மாமா ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஸ்டுடியோ வேலையை விட்டுவிட்டு, துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் சேர்ந்தார். தனியாக அறை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து கடைக்குள் போய்விடுவார். மச்சான்மேல் அவ்வளவு கோபம் என்று நினைத்தேன். தினமும் சாயந்திரம் விளக்கெண்ணெய் தடவி என் மணிக்கட்டை நீவிவிடுவார். நான் தையல்கடை வைக்கிற வயது வந்த பிறகும் நீவினார். என்மேல் அவ்வளவு பாசம் என்று நினைத்தேன். இரண்டும் ஒன்றே என்று எனக்குத் தோன்றவே இல்லை.

என் அப்பா, உங்கள் தாத்தா, ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "நான் வைத்தியர்கிட்ட போவவே இல்லடா. பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனேன். போனா வேண்டாம்னுதான் சொல்லுவாரு. கல்யாணம் நின்னுடுமோன்னு பயம். திரும்பி வந்துட்டேன்."

மாமாவிடம் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை.

நான் அதை மூடி வைத்துக்கொண்டேன். மாமா ஒவ்வொரு ஞாயிறும் நெத்திலியோடு வந்தார். ஒவ்வொரு தடவையும் அவர் கண் என் கைக்கு வந்து திரும்பியது. சொன்னால் செத்துப்போன அப்பாவைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி. சொல்லாவிட்டால் உயிரோடு இருக்கிறவரை வதைக்கிற மாதிரி. குழம்பு ருசியாகத்தான் இருந்தது, எனக்குத்தான் இறங்கவில்லை.

போன மாதம் நடந்தது உங்களுக்கே தெரியும். பாப்பா, நீ ஜப்பான் படம் எதையோ போனில் பார்த்துக்கொண்டிருந்தாய். தாத்தா எட்டிப் பார்த்தார். இரண்டு கால்கள் வந்தன. "அட, நம்ம ஆளு!" என்றார். அத்தனை வருஷத்துக்கு அப்புறம் அந்தச் சொல்லை அவர் வாயிலிருந்து கேட்டேன். உனக்கு அவர் கதையைச் சொன்னார். சீனரி வர்ணம், குடை, விசில், கை கழுவுகிற சாமுராய். கடைசியில், "அப்பறம் ஷூட்டிங்ல ஒரு பையனுக்கு அடிபட்டுடுச்சி. அதோட நம்ம ஆளு படம் எடுக்கறதையே வுட்டுட்டாரு" என்றார்.

நீ போனைத் தேடிவிட்டு வெகுளியாகச் சொன்னாய். "இதுல அப்படி ஒண்ணும் போடலையே தாத்தா. கம்பெனிக்காரங்க சான்ஸ் குடுக்கலன்னுதான் போட்டிருக்கு. அதுக்கப்பறமும் ஒரு படம் எடுத்திருக்காரே."

"எடுத்தாரா?"

"ஆமா. வயசான சாமுராயாம். படம் முழுக்கக் கத்தியே எடுக்க மாட்டானாம்."

"அப்ப நம்ம ஆளுக்கு என்னா வயசு?"

நீ அவர் பிறந்த வருஷத்தைக் கழித்துப் பார்த்தாய். "உங்களவிட ஜாஸ்தி தாத்தா."

தாத்தா முகம் போன போக்கை நான்தான் பார்த்தேன். முன்னே அவர் என்னிடம் சொன்னது 'யோசிக்கிறாரு' என்றுதான். அடிபட்ட பையன் அந்தக் கதைக்குள் எப்போது நுழைந்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உங்களைத் தயிர் வாங்க அனுப்பிவிட்டு, ஆயா கொல்லைப்பக்கம் இருந்த நேரம் பார்த்து, அப்பா சொன்னதை அவரிடம் சொன்னேன். தோளில் இருந்து மூட்டையை இறக்குகிறோம், மனிதர் நிம்மதியாவார் என்று நினைத்தேன்.

அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அப்புறம், "இத எதுக்குடா இப்ப சொன்ன?" என்றார்.

"ஒங்க மேல தப்பு இல்லன்னு தெரியட்டும்னுதான் மாமா."

"தெரிஞ்சி? ஒங் கையாலதான் சினிமாவ வுட்டேன்னு நெனச்சிக்கிட்டு இத்தன வருஷம் ஐஸ் ஒடச்சேன். கஷ்டந்தான். ஆனா ஒரு காரணம் இருந்திச்சி. இப்ப என்னாத்த சொல்லிக்கறது? எனக்குப் பயம்னா? எனக்கு வராதுன்னா?" எழுந்து செருப்பைத் தேடினார். "ஒங்கப்பாவும் போயிட்டாரு. சண்ட போடக்கூட ஆளு இல்ல."

செருப்பைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனார். நீங்கள் தயிரோடு வந்தீர்கள். அடுப்பில் நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு நான் இறக்கி வைத்தது என் மூட்டையைத்தான். அதை அவர் தலையில் வைத்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. போன் அடித்தால் எடுக்கவில்லை. பாப்பா வாசலைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டேன்.

இன்று காலை வந்தார். இன்றைக்கு நடந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். ஆடிக் காற்றில் தெருவில் புழுதி பறக்கிறது. நான் மெஷினில் இருந்தேன். நீங்கள் இரண்டு பேரும் ஓடிப்போய்ப் பையைத் தேடினீர்கள். கையில் பை இல்லை, நெத்திலி இல்லை. என் மணிக்கட்டையும் பார்க்கவில்லை. வாசலில் நின்று வேப்பமரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பாப்பாவைப் பார்த்து, "ஓடுவியா?" என்றார்.

"எதுக்கு தாத்தா?"

"ஒம் போன்லயே எடுக்கலாம்ல? சும்மா கேட்டேன்."

உள்ளே இருந்து உங்கள் ஆயாவின் குரல் வந்தது. "ஏன்டா, மறுபடியுமா? ஒரு கைய ஒடச்சது பத்தலயா ஒனக்கு?"

எனக்குத் தையல் நின்றுவிட்டது. மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். இப்போது அவருக்கு எல்லாம் தெரியும். ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"ஆமாக்கா, நான்தான் ஒடச்சேன்" என்று உள்ளே பார்த்துக் கத்தினார். "அதான் இந்தத் தடவ டெய்லர வச்சி எடுக்குறேன்." என் பக்கம் குனிந்தார். "கறுப்புத் துணி இருந்தா பாருடா. நல்லா மடிப்பு வச்சித் தை. காலு தடுக்கக் கூடாது."

உங்கள் ஆயாவிடம் இதைப் படித்துக் காட்ட வேண்டாம். அவளிடம் சொல்ல வேண்டியது என் பாக்கி. எப்போது என்று தெரியவில்லை. பாப்பா, இதை முடித்துவிட்டு வந்து நேராக நில். கணுக்காலுக்கு மேலே அளவு எடுக்க வேண்டும்.